நேற்று என்ன சாப்பிட்டீர்கள்? உடல் பருமன் ஆய்வுகளைப் படிக்கத் தெரிந்துகொள்ள

இந்தியப் பெண்களில் எத்தனை பேருக்கு உடல் பருமன்? ஒரு செய்தியில் 24% என்று இருக்கும். இன்னொன்றில் 6 சொச்சம் சதவீதம். மூன்றாவதில் 57% என்று போட்டுத் தலைப்பிலேயே பயமுறுத்தியிருப்பார்கள். மூன்றும் பொய்யில்லை. மூன்றும் ஒரே இடத்திலிருந்து வந்தவை: 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு. 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் எண்) 25 அல்லது அதற்கு மேல் உள்ளவர்கள் 24%. எல்லைக்கோட்டை 30க்கு உயர்த்தினால் 6 சொச்சம். எடையை விட்டுவிட்டு வயிற்றுச் சுற்றளவை இடுப்புச் சுற்றளவால் வகுத்து, 0.85ஐத் தொட்டவர்களை எண்ணினால் 56.7%. ஆள்கள் அதேதான், அளவுகோல்தான் வேறு.

இந்த வகை எண்கள் எப்படிப் பிறக்கின்றன, வழியில் எங்கெல்லாம் கோணுகின்றன என்று தெரிந்தால் செய்தித்தாளைப் படிக்கும் விதமே மாறிவிடும். பெங்களூரை உதாரணமாக வைத்துப் பார்ப்போம். கர்நாடகத்தின் தலைநகர், தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வந்து குடியேறிய ஊர், ஐ.டி. வளாகமும் பீன்யாவின் கார்மென்ட்ஸ் ஆலைகளும் ஒரே பஸ் தூரத்தில் இருக்கும் ஊர். ஆய்வாளர்கள் கேட்கும் கேள்விகள் எல்லாவற்றுக்கும் இங்கே ஆள் கிடைப்பார்கள்.

"நடுத்தர வருவாய் நாடு" என்பது உலக வங்கி தலா வருமானத்தை வைத்துப் பிரிக்கும் பிரிவு. இந்தியா அதில் கீழ் அடுக்கு. சீனா, பிரேசில், மெக்சிகோ, தென்னாப்பிரிக்கா மேல் அடுக்கு. இந்த நாடுகளை ஆய்வாளர்கள் தனியாகக் கவனிக்கக் காரணம், மாற்றத்தின் வேகம். எண்ணெயும் சர்க்கரையும் பாக்கெட் தீனியும் மலிவாகி, உடல் உழைப்பு குறைந்து, ஒரே தலைமுறையில் ஊரின் உடல்வாகு மாறுகிறது. ஆனால் பழைய குறைபாடு போய்விடவில்லை. தாய் பருமனாக, பிள்ளை வயதுக்கேற்ற உயரம் இல்லாமல், இருவருக்குமே ரத்தசோகையோடு ஒரே வீட்டில் இருப்பது சாதாரணம். பாரி பாப்கின் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990களின் தொடக்கத்தில் இந்தப் போக்குக்கு "ஊட்டச்சத்து நிலைமாற்றம்" என்று பெயர் வைத்தார், அதுவே நிலைத்துவிட்டது.

எல்லைக்கோட்டை எங்கே போடுவது

பி.எம்.ஐ. என்பது கிலோவில் எடை, அதை மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பது. 19ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தின் புள்ளியியலாளர் கெட்லே மக்கள் கூட்டத்தை விவரிக்கப் போட்ட கணக்கு அது. தனி ஆளுக்கு நோய் சொல்ல உண்டானதல்ல. உலக அளவில் 25க்கு மேல் அதிக எடை, 30க்கு மேல் பருமன். ஆசிய மக்களுக்கு இன்னும் கீழேயே ஆபத்து தொடங்குகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் 23, 27.5 என்ற கூடுதல் கோடுகளைக் கொடுத்தது. இந்திய மருத்துவர்கள் 2009இல் 23ஐ அதிக எடை என்றும் 25ஐயே பருமன் என்றும் வைத்துக்கொண்டார்கள்.

ஏன் கீழே? புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் பேராசிரியர் ஜான் யுட்கினும் 2004இல் தங்கள் இருவர் படத்தையே லான்செட் மருத்துவ இதழில் போட்டுக் காட்டினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. யுட்கின் உடலில் கொழுப்பு 9.1%, யாஜ்னிக் உடலில் 21.2%. ஒரே எண்ணுக்குள் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். ஒல்லியான கை கால், முன்னால் கொஞ்சம் தொப்பை என்ற நம்மூர் வாகு பி.எம்.ஐ.யின் கண்ணில் படாது. அதனால்தான் வயிற்றுச் சுற்றளவையும் எடுக்கிறார்கள். இந்தியாவில் ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) "இந்தியாப்" (INDIAB) நீரிழிவு ஆய்வு 2023இல் வெளியிட்ட கணக்கில் உடல் பருமன் 28.6%, வயிற்றுப் பருமன் 39.5%. அங்கே பருமன் என்பது 25இலேயே தொடங்குகிறது, சேர்த்தது 20 வயதுக்கு மேற்பட்ட எல்லாரையும். குடும்ப நலக் கணக்கெடுப்போ பெண்களை 49 வயதோடு நிறுத்திக்கொள்கிறது. ஐம்பது வயதுக்காரர்களைச் சேர்த்தால் எண் ஏறத்தானே செய்யும்! இரண்டையும் அடுத்தடுத்து வைத்து "பருமன் பெருகிவிட்டது" என்று எழுதுவது தவறு.

கொண்டையும் புடவையும்

அளப்பது எளிது என்று நினைப்பவர்கள் களத்தில் ஒரு நாள் நின்றால் போதும். 62 கிலோ எடை, 156 செ.மீ. உயரமுள்ள பெண்ணின் பி.எம்.ஐ. 25.5. உச்சியில் கொண்டை இருக்க, அதன் மேலேயே தலைப்பலகையை இறக்கினால் உயரம் 158 ஆகிவிடும், பி.எம்.ஐ. 24.8. அவர் அதிக எடைப் பட்டியலிலிருந்து வெளியே. இரண்டே சென்டிமீட்டர். கொண்டையை அவிழ்த்து, பூவை எடுத்து, செருப்பைக் கழற்றி, குதிகால் சுவரில் பட, பார்வை நேராக இருக்க நிற்கவைத்து அளக்க வேண்டும். எடைக் கருவியைத் தினமும் காலையில் தெரிந்த எடைக்கல் வைத்துச் சரிபார்க்க வேண்டும். கட்டாந்தரையில் வைக்க வேண்டும், பாய் மேல் வைத்தால் தவறாகக் காட்டலாம்.

வயிற்றுச் சுற்றளவில் சிக்கல் இன்னும் அதிகம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், சாதாரணமாக மூச்சை விட்ட முடிவில், நாடா தரைக்கு இணையாக இருக்க அளக்க வேண்டும். புடவைக் கொசுவமும் பாவாடை நாடாவும் சரியாக அந்த இடத்தில்தான் இருக்கும். பெண் களப்பணியாளர் தனி அறையில் துணியைச் சற்றுத் தளர்த்தி அளக்காவிட்டால் வரும் எண்ணுக்கு அர்த்தமில்லை. ஆண்களுக்கு வேறு பிரச்சினை: நாடாவைப் பார்த்ததும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே அளப்பது பழக்கப்பட்டவர்கள் செய்யும் வேலை. இரண்டு முறை அளந்து, வித்தியாசம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போனால் மறுபடி எடுக்க வேண்டும்.

சாப்பாட்டைக் கேட்டு வாங்குவது

இந்தத் துறையில் கஷ்டமான வேலை இதுதான். மனிதர்கள் பொய் சொல்வார்கள் என்பதால் அல்ல. சாப்பிட்டதை யாரும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை.

பெரும்பாலும் பயன்படுவது 24 மணி நேர நினைவுகூரல். நேற்று எழுந்ததிலிருந்து இன்று எழுந்தது வரை வாயில் போட்ட எல்லாவற்றையும் கேட்பது. ஒரே மூச்சில் கேட்டால் பாதிதான் வரும். அதனால் பல சுற்று: முதலில் குறுக்கிடாமல் பட்டியல், பிறகு மறந்தவை, பிறகு எந்த நேரம் எந்த இடம், பிறகு அளவும் பக்குவமும், கடைசியில் எல்லாவற்றையும் ஒருமுறை வாசித்துக் காட்டுதல். இரண்டாவது சுற்றில்தான் சங்கதி வெளியே வரும்.

"காலையில எழுந்ததும் முதல்ல என்னக்கா சாப்ட்டீங்க?"

"காபிதான்."

"எவ்ளோ இருக்கும்? இந்த டம்ளர்ல காட்டுங்க."

"பை-டூ அளவுதான், பாதி டம்ளர்."

"அதுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவுல?"

"ஒண்ணும் இல்லப்பா… ஆங், வேலை செய்யற வீட்ல ஒரு டீ, ரெண்டு பிஸ்கட். அதெல்லாமுமா எழுதுவீங்க?"

அதெல்லாமும்தான் எழுத வேண்டும். ஒரு டம்ளருக்கு 5 கிராம் சர்க்கரை என்றாலும் நாலு காபி, டீக்கு 20 கிராம், அதாவது 80 கிலோ கலோரி. கடலை, முறுக்கு, வாழைப்பழம், பிள்ளை மிச்சம் வைத்த உப்புமா, கோயில் பிரசாதம், ராத்திரி சீரியல் பார்க்கும்போது கொறித்த மிக்சர் என்று ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கேட்டால்தான் ஞாபகம் வரும்.

அளவுக்கு வீட்டுப் பாத்திரங்களே துணை. பல வீடுகளில் கரண்டி 60 மில்லி பிடிக்கும் என்று நினைத்தால் 90 பிடிக்கும். தண்ணீர் ஊற்றி அளவு ஜாடியில் அளந்து பார்த்துவிட வேண்டும். குழம்பு, சாம்பார் போன்ற பொதுப் பாத்திரச் சாப்பாட்டில் ஆளின் பங்கைப் பிரிப்பது இப்படி: 100 கிராம் துவரம்பருப்பும் 10 கிராம் எண்ணெயும் போட்டு மொத்தம் 1,200 மில்லி சாம்பார் வந்தது. அவர் ஊற்றிக்கொண்டது 200 மில்லி. ஆக ஆறில் ஒரு பங்கு: பருப்பு சுமார் 17 கிராம், எண்ணெய் 1.7 கிராம். சோறு என்றால் வெந்ததா, அரிசியா என்று எழுதாமல் விட்டால் கணக்கு மூன்று மடங்கு வரை தவறும், ஏனென்றால் அரிசி வெந்தால் எடை இரண்டரை, மூன்று மடங்காகிறது. பிறகு ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட 528 உணவுகளின் சத்து அட்டவணையில் தேடி, ஒவ்வொன்றையும் கலோரியாக, புரதமாக, கொழுப்பாக மாற்றுகிறார்கள்.

தர்ஷினி என்ற பெங்களூர்ச் சிற்றுண்டிக் கடையில் நின்றபடி சாப்பிட்ட மசால் தோசையும் தெருமுனை கோபி மஞ்சூரியனும் இந்தக் கணக்கை உடைக்கும். எவ்வளவு எண்ணெய் என்று சாப்பிட்டவருக்குத் தெரியாது. கடைக்காரர் அளந்து ஊற்றுவதில்லை. அப்போது அதே உணவைப் பல கடைகளில் வாங்கி, எடை போட்டு, சராசரிப் பக்குவம் ஒன்றை வைத்துக்கொள்வார்கள். அது சராசரிதான் என்பதைப் படிக்கிறவர் மறக்கக் கூடாது.

சரிபார்க்க ஒரு குறுக்குவழி உண்டு. நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் 3 லிட்டர் எண்ணெய் தீர்கிறது என்றால், எடையில் 2,760 கிராம். ஆளுக்கு நாளொன்றுக்கு 23 கிராம், சுமார் 207 கிலோ கலோரி. நினைவுகூரலில் வந்தது 9 கிராம் என்றால் எங்கோ ஒழுகுகிறது. சீனாவில் 1989இல் தொடங்கிய சுகாதார, ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் மூன்று நாள் தொடர்ந்து நினைவுகூரலும், கூடவே வீட்டு எண்ணெய், மசாலாவைத் தொடக்கத்திலும் முடிவிலும் எடை போடுவதும் சேர்ந்தே நடந்தன. செலவு அதிகம், ஆனால் எண்ணெயைப் பிடிக்க அது நல்ல வழி.

எந்தக் கிழமை கேட்கிறோம் என்பதும் முக்கியம். களக்குழுவுக்கு ஞாயிறு விடுமுறை என்றால் சனிக்கிழமைச் சாப்பாட்டைக் கேட்கவே ஆள் இல்லை. எல்லாரையும் திங்கள்கிழமை பார்த்தால் ஊரே தினமும் கறிச்சோறு தின்பதாக வரும். வெள்ளிக்கிழமை, அமாவாசை, கிருத்திகை என்றால் அசைவமே காணாமல் போகும். ஒருவரின் ஒரு நாள் அவருடைய வழக்கத்தைச் சொல்லாது. ஆயிரம் பேரின் ஒரு நாள், கிழமைகள் சமமாகப் பரவியிருந்தால், கூட்டத்தின் சராசரியைச் சொல்லும். அதனால் மாதிரியில் ஒரு பகுதியினரிடமாவது வேறொரு நாள் திரும்பப் போய்க் கேட்பார்கள்.

இன்னொரு முறை, "கடந்த ஒரு வருடத்தில் பூரி எத்தனை முறை?" என்ற மாதிரி நூற்றுக்கு மேற்பட்ட உணவுகளை வரிசையாகக் கேட்பது. வழக்கத்தைப் பிடிக்கும், ஆனால் பட்டியலில் இல்லாத உணவு இல்லாததாகவே ஆகிவிடும். சென்னைக்குத் தயாரித்த பட்டியலைப் பெங்களூரில் அப்படியே பயன்படுத்தினால் ராகிக் களியும் சித்ரான்னமும் தப்பிவிடலாம்.

எந்த முறையானாலும் குறைத்துச் சொல்வதுதான் பொதுப்போக்கு, அதுவும் பருமனாக இருப்பவர்களிடம் கூடுதலாக. 60 கிலோ எடையுள்ள பெண் அசையாமல் படுத்திருந்தாலே நாளுக்கு 1,200 கிலோ கலோரியை ஒட்டிச் செலவாகும். அவர் "வழக்கமாக" 1,000 கலோரிதான் சாப்பிடுகிறார் என்று ஆய்வு சொன்னால், வீட்டு வேலையும் செய்துகொண்டு எடையும் குறையாமல் இருப்பது எப்படி என்று கேட்க வேண்டும். நல்ல ஆய்வறிக்கையில் இப்படி நம்ப முடியாத பதில்களை என்ன செய்தோம் என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி இல்லாத அறிக்கை மேல் எனக்கு நம்பிக்கை குறைவு.

நடையும் உட்காரலும்

உடல் உழைப்புக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஜிபேக் என்ற 16 கேள்விகள் பரவலாகப் பயன்படுகின்றன: வேலை, போக்குவரத்து, ஓய்வு நேரம், உட்கார்ந்திருக்கும் நேரம். மிதமான உழைப்பின் நிமிடங்களை 4 ஆலும் கடும் உழைப்பை 8 ஆலும் பெருக்கி, வாரத்துக்கு 600 வந்தால் "போதுமான உழைப்பு". வாரம் 150 நிமிட மிதமான நடை என்பதும் இதே 600தான்.

கோரமங்களாவில் நாலு வீடு துடைத்துப் பெருக்கும் அக்கா ஆறு நாள், தினம் நாலு மணி நேரம் வேலை என்றால் 240 × 6 × 4 = 5,760. அரை மணி நேர நடை அதற்கு மேல் 720. ஐ.டி. வளாகத்தில் வேலை செய்யும் தம்பி வாரம் மூன்று நாள் 45 நிமிடம் ஜிம்மில் ஓடினால் 1,080. அட்டவணையில் இருவரும் ஒரே கட்டத்தில் "போதும்" என்று நிற்பார்கள். சதவீதத்தை மட்டும் படித்தால் இந்த வித்தியாசம் தெரியாது. எந்த வகை உழைப்பு என்ற பிரிவைப் பார்க்க வேண்டும்.

இதைவிடப் பெரிய ஓட்டை, கேள்வியைக் கேட்கும் விதத்தில். "வேலை செய்யறீங்களா?" என்றால் "இல்ல, வீட்லதான் இருக்கேன்" என்று பதில் வரும். குடம் தூக்குவதும் துணி துவைப்பதும் ஜிபேக்கில் வேலைதான், ஆனால் களப்பணியாளர் அதைப் பேர் சொல்லிக் கேட்காவிட்டால் அந்தப் பெண்ணின் உழைப்பு பூஜ்யம். உலக சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட மதிப்பீட்டில் 2022இல் இந்தியப் பெரியவர்களில் 49.4% பேருக்கு உழைப்பு போதவில்லை. பெண்கள் 57%, ஆண்கள் 42%. அந்த இடைவெளியில் எவ்வளவு நிஜம், எவ்வளவு கேள்வியின் பிழை என்பது விவாதத்துக்குரியது.

இடுப்பில் கட்டும் அசைவுமானிகள் ஞாபகத்தை நம்பாதவை. ஏழு நாள் கட்டச் சொல்லி, தினம் 10 மணி நேரமாவது கட்டிய நாள்கள் நாலு இருந்தால் ஏற்றுக்கொள்வது பொது வழக்கம். அவற்றுக்கும் குறை உண்டு: உட்கார்ந்து துணி கசக்குவது இடுப்பை ஆட்டாத வேலை, தலைச்சுமையின் பாரமும் கருவிக்குத் தெரியாது, அதனால் குறைத்தே எழுதும்.

வீட்டில் யார் இருந்தார்கள்

பெங்களூரில் பருமன் சுமார் 30% என்று ஊகித்து, ஐந்து சதவீதப் பிழைக்குள் அளக்க வேண்டுமென்றால் கணக்குப்படி 323 பேர். ஆனால் ஆய்வாளர்கள் ஊர் முழுக்கச் சிதறிப் போக முடியாது. சில பகுதிகளைப் பொறுக்கி அங்கே வீடு வீடாகப் போவார்கள். ஒரே தெருக்காரர்கள் ஒரே மாதிரி இருப்பதால் அந்தக் குறைக்கு ஒன்றரை மடங்கு, 485. ஐந்தில் ஒருவர் மறுப்பார் என்று வைத்தால் 606 பேரை அணுக வேண்டும்.

மறுப்பு சமமாக வந்தால் கவலையில்லை. ஸ்ரீராமபுரத்துச் சந்தில் திண்ணையில் உட்காரவைத்துக் காபி கொடுத்துப் பதில் சொல்வார்கள். வொய்ட்ஃபீல்டு அடுக்ககத்தில் காவலாளியைத் தாண்டவே முடியாது. பகல் பதினொரு மணிக்குப் போனால் கிடைப்பது வீட்டிலிருக்கும் பெண்களும் பெரியவர்களும்தான். மாலையிலும் ஞாயிறும் திரும்பப் போகாத ஆய்வு, வேலைக்குப் போகும் ஆண்களைப் பற்றி எதுவும் சொல்லத் தகுதியற்றது.

அண்ணன் ஊரில், தம்பி நகரத்தில்

நகரம்தான் ஆளைப் பருக்கவைக்கிறதா, இல்லை நகரத்துக்கு வருகிறவர்களே அப்படிப்பட்டவர்களா? கிராமத்தாரையும் நகரத்தாரையும் வெறுமனே ஒப்பிட்டால் இதற்கு விடை கிடைக்காது. சாதி, வசதி, படிப்பு, சிறுவயதுச் சாப்பாடு எல்லாமே வேறு.

2005-07இல் நடந்த இந்திய இடம்பெயர்வு ஆய்வு இதற்கு ஓர் அழகான வழி கண்டது. லக்னோ, நாக்பூர், ஐதராபாத், பெங்களூர் ஆகிய நாலு ஊர்த் தொழிற்சாலைகளில் கிராமத்திலிருந்து வந்து வேலை செய்பவர்களையும் அவர்கள் துணைவரையும் எடுத்தார்கள். பெங்களூரில் அது எச்.எம்.டி. ஒவ்வொருவருக்கும் கிராமத்திலேயே தங்கிவிட்ட உடன்பிறப்பைத் தேடி அளந்தார்கள். ஒரே அம்மா, ஒரே அடுப்பு, ஒரே பள்ளிக்கூடம். ஒருவர் பஸ் ஏறினார், மற்றவர் ஏறவில்லை. நகரத்திலேயே பிறந்தவர்களும் ஒப்பிட இருந்தார்கள். மொத்தம் 6,510 பேர்.

ஆண்களில் பி.எம்.ஐ. 25க்கு மேல் இருந்தவர்கள் கிராமத்தில் 19.0%, இடம்பெயர்ந்தவர்களில் 37.8%, நகரத்தாரில் 41.9%. நீரிழிவு முறையே 6.2, 14.3, 13.5. பெண்களிடமும் இதே போக்கு. இதே ஆய்வின் தொடர் கட்டுரை ஒன்றில், நகரத்துக்கு வந்த முதல் பத்தாண்டில் உடல் கொழுப்பு வேகமாக ஏறுவதும், ரத்த அழுத்தம் போன்றவை மெதுவாக, ஆண்டுக் கணக்கில் ஏறுவதும் தெரிந்தது. வந்த புதிதில் பேன்ட் இறுகுவதை யாரும் நோய் என்று எண்ணுவதில்லை. பின்னால் வருவதற்கு அதுதான் முன்னோட்டம்.

இதிலும் எல்லை உண்டு. அது நிரந்தர வேலை, தொழிற்சாலைச் சம்பளம் உள்ளவர்களின் கதை. தினக்கூலிக்குக் கட்டிட வேலைக்கு வந்தவருக்கு இந்தச் சதவீதங்களை அப்படியே பொருத்த முடியாது.

ஒரே நேரத்தில் எடுத்த கணக்கெடுப்பில் காரணமும் விளைவும் தலைகீழாகப் போவதற்கு நம்மூர் உதாரணம் ராகி. சர்க்கரை வந்ததும் டாக்டரோ பக்கத்து வீட்டு மாமியோ சொல்லி பலர் சோற்றை விட்டுக் களிக்கு மாறுகிறார்கள். அந்த நாளில் போய்க் கேட்டால் ராகி சாப்பிடுபவர்களிடம் சர்க்கரை நோய் அதிகம் என்றே அட்டவணை சொல்லும். நோய் இல்லாதவர்களை எடுத்து ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தால்தான் எது முன், எது பின் என்று தெரியும்.

அரசு ஒரு வரி போட்டாலும் அதையே சோதனையாக ஆக்கிக்கொள்ளலாம். மெக்சிகோ 2014 ஜனவரியில் சர்க்கரை பானத்துக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி விதித்தது. முந்தைய ஆண்டுகளின் போக்கு அப்படியே நீடித்திருந்தால் எவ்வளவு வாங்கியிருப்பார்கள் என்று கணித்து, நிஜமாக வாங்கியதோடு ஒப்பிட்டார்கள். முதலாண்டில் சராசரியாக 6% குறைவு. இது வாங்கியதன் கணக்கு. எடை குறைந்தது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது, ஆனால் பகிரப்படும் செய்திகளில் பெரும்பாலும் அப்படித்தான் ஆகிவிடுகிறது.

கடைசியாக, தமிழ்நாட்டையும் கர்நாடகத்தையும் ஒப்பிடுபவர்களுக்கு. ஐந்தாவது குடும்ப நலக் கணக்கெடுப்பில் பி.எம்.ஐ. 25ஐத் தொட்ட பெண்கள் தமிழ்நாட்டில் 40.4%, கர்நாடகத்தில் 30.1%. முந்தைய சுற்றில் 30.9, 23.3. கர்நாடகத்தில் களப்பணி 2019லேயே முடிந்தது. தமிழ்நாட்டில் 2020 தொடக்கத்தில் ஆரம்பித்து, ஊரடங்கால் நின்று, மீதி 2020 டிசம்பர் முதல் 2021 மார்ச் வரை நடந்தது. இரு மாநிலங்களுக்கும் இடைவெளி பழையதுதான், அதில் சந்தேகமில்லை. அது 7.6 புள்ளியிலிருந்து 10.3 ஆனதில் மாநிலத்தின் பங்கு எவ்வளவு, வீட்டுக்குள் அடைந்து கிடந்த மாதங்களின் பங்கு எவ்வளவு என்பதை இந்த அட்டவணையை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. மூல தரவில் ஒவ்வொரு நேர்காணலின் தேதியும் இருக்கிறது. பிரித்துப் பார்க்க விரும்புபவர் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.